முள்ளு குத்துன புஸ்தகம்

அச்சாபீஸ் விவகாரம் எனக்கு அத்துப்படின்னு ஊர்ல ஒரு பேரு உண்டு. அந்தப் பேரைப் பரப்புனதே நான்தான். எங்க கீழப்பழுவூர்ல ஒருத்தரு வூட்டுக் கல்யாணப் பத்திரிகைக்கு, துணைக்குன்னு அவரோட அரியலூர் போனேன். அவரு உள்ள பேசி முடிக்கற வரைக்கும் வாசல்ல நின்னு வடை தின்னேன். என் படிப்பு அவ்வளவுதான். ஆனா ஊருக்கு வந்து நான் சொன்ன கதையில, மிஷினே என்னைக் கேட்டுத்தான் சுத்துச்சு.

அதை நம்பித்தான் என் தங்கச்சி என்கிட்ட வந்தா.

யுத்த காலம் அது. அவ வூட்டுக்காரரு, எங்க மாப்பிள்ளை, ரங்கூன்ல ஒரு அரிசி மண்டியில கணக்கெழுதிட்டிருந்தவரு. குண்டு வுழ ஆரம்பிச்சதும் சனத்தோட சனமா காடு மலையெல்லாம் நடந்தே வந்து சேந்தாரு. முன்னல்லாம் அவரு வந்தா வண்டி நிறைய பெட்டி வரும். சோப்பு, குடை, பட்டு லுங்கின்னு ஊரே அனுபவிக்கும். நானும் விதிவிலக்கில்ல, அவரு குடுத்த குடையிலதான் நாலஞ்சு மழைக்காலம் கௌரவமா நடந்தேன். இந்தத் தடவ அவரு கொண்டாந்தது இடுப்புக் கயித்துல கட்டுன ஒரு சாவி. ரங்கூன் வூட்டுச் சாவி.

"ரங்கூன்லேருந்து என்ன கொண்டாந்தீங்க?"ன்னு கேட்டாங்க ஊர்ல. கெட்ட எண்ணம் ஒண்ணுமில்ல, எப்பவும் கேக்கறதுதான். மனுஷன் பதில் சொல்லாம உள்ள போனாரு. போனவரு மாசக்கணக்கா தெருப் பக்கமே வரல.

"சோறு போட்டா திங்கறாரு. கூப்பிட்டா ம்ங்கறாரு. அவ்வளவுதாண்ணே," ன்னா தங்கச்சி. "ஆனா எழுதறாரு. நடந்து வந்ததைச் சிந்துப் பாட்டா எழுதி வச்சிருக்காரு. அச்சு போட்டுச் சந்தையில வித்தா என்னன்னு கேட்டேன். வேணாம்னு சொல்லல."

வெள்ளம் வந்தாலும் ரயில் கவுந்தாலும் மறு வாரமே அதைச் சிந்தா பாடி, சின்னப் புஸ்தகமா போட்டு விக்கறவங்க அப்ப சந்தைக்குச் சந்தை உண்டு. புஸ்தகம் விக்கணும்னா நின்னு பாடணும், பாடணும்னா வாயைத் தொறக்கணும். தங்கச்சி கணக்கு அதுதான். எனக்கு அது அப்பவே புரிஞ்சுதுன்னு சொன்னா பொய். அச்சாபீஸுக்குப் போகச் சொல்றாளேன்னு பெருமையில மிதந்துட்டிருந்தேன்.

அரியலூர் அச்சாபீஸ்காரரு தாளைப் புரட்டிப் பாத்தாரு. "பாட்டு பதினஞ்சு பக்கத்துல முடியும். புஸ்தகம் பதினாறு பக்கம் வரும். கடைசிப் பக்கத்துக்கு என்னங்க போட?"

"பதினஞ்சே போடுங்க," ன்னேன்.

அவரு ஒரு தாளை எடுத்து நடுவுல மடிச்சு என் கையில குடுத்தாரு. "இதுல எத்தனை பக்கம்?"

"நாலு."

"மூணு பக்கம் வர்ற மாதிரி மடிச்சுக் காட்டுங்க."

கொஞ்ச நேரம் முயற்சி பண்ணிப் பாத்தேன். அப்புறம் மிஷின் நல்லாருக்குன்னு பேச்சை மாத்தினேன்.

"மூக்குப்பொடி விளம்பரம் ஒண்ணு இருக்கு, போட்டுரவா?"ன்னு கேட்டாரு. மாப்பிள்ளை பட்ட கஷ்டத்துக்குப் பின்னால மூக்குப்பொடியான்னு எனக்கு ரோஷம் வந்துருச்சு. அங்கயே பென்சில் வாங்கி, கடைசிப் பக்கத்தை நானே எழுதிக் குடுத்தேன். இந்த நூல் வெளிவர அல்லும் பகலும் உழைத்த கலை அபிமானி, கொடை நெஞ்சர்னு தொடங்கி, பக்கம் முழுக்க என்னைப் பத்தித்தான். அச்சாபீஸ்காரரு படிச்சுட்டு, "மூக்குப்பொடியே தேவலாம்," னாரு. ஆனாலும் போட்டுக் குடுத்தாரு.

அடிச்சு, மடிச்சு, வெட்டி, நாலு தாளை ஒண்ணுக்குள்ள ஒண்ணா சொருகித் தந்தாரு. நடுவுல குத்தற கம்பிதான் இல்ல. "கம்பியெல்லாம் பட்டாளத்துக்குப் போயிருச்சு. தாலுக்கா கச்சேரியிலயே காயிதத்துக்கு கருவேல முள்ளுதான் குத்தறாங்க. நீங்களும் குத்திக்குங்க," ன்னுட்டாரு.

முள்ளுக்கா எங்க பக்கம் பஞ்சம்? ஏரிக்கரைக்குப் போனேன். "காஞ்ச முள்ளா பாத்துப் பொறுக்குண்ணே," ன்னு தங்கச்சி சொல்லித்தான் அனுப்புனா. காஞ்சது கறுத்துப்போயி, பாக்க அசிங்கமா கெடந்துச்சு. மரத்துல இருந்த பச்சை முள்ளு நீட்டமா, வெள்ளையா, பல்லு மாதிரி அழகு. புஸ்தகம் லட்சணமா இருக்க வேணாமா? பச்சையா ஒடிச்சாந்து, புஸ்தகத்துக்கு ரெண்டுன்னு மடிப்புல குத்தினேன். மாப்பிள்ளை உள்ளேருந்து ஒரு தடவ எட்டிப் பாத்தாரு. என்னமோ சொல்ல வந்த மாதிரி இருந்துச்சு. சொல்லல.

பெரம்பலூர் சந்தைக்குக் கெளம்பினோம். அவரைக் கெளப்பினதே தங்கச்சிதான். "அண்ணன் தனியா போனா தொலைஞ்சு போயிரும், கூடப் போயிட்டு வாங்க," ன்னா. அதை அவரு மறுக்கல. என்னைப் பத்தி வூட்ல இருந்த அபிப்பிராயம் அப்படி. கரியில ஓடற பஸ்ஸு, மேடு வந்தா எறங்கித் தள்ளணும். எல்லாரோடயும் சேந்து அவரும் தள்ளினாரு. "பர்மாவுல நடந்தது பத்தலன்னு இங்கயும் நடக்க வுடறாங்க பாருங்க மாப்பிள்ளை," ன்னேன். சிரிக்கல. நான் சொன்ன தமாஷுக்கு யாரும் சிரிக்காதது புதுசும் இல்ல.

சந்தையில ஒரு புளியமரத்தடியில கோணியை விரிச்சு அடுக்கி வச்சோம். அவரு மரத்துக்கு அந்தப் பக்கம் போயி, முதுகைக் காட்டிட்டு உக்காந்துட்டாரு. சரின்னு நானே பாடினேன். ஆடு ஒண்ணு நின்னு கேட்டுச்சு.

அது ஆடி மாசம். எங்க சீமையில ஆடிக் காத்துன்னா ஆளையே தள்ளும். அடிச்ச ஒரே அடியில மேல இருந்த புஸ்தகம் தொறந்துச்சு. பச்சை முள்ளு அதுக்குள்ள காஞ்சு, சுருங்கி, ஓட்டைக்கு ஒல்லியாயிருச்சு. ஒவ்வொண்ணா நழுவி வுழுந்து, தாள் தாளா பிரிஞ்சு, சந்தை பூரா பறக்குது. காய்கறி மேல, மாட்டுக் கொம்பு மேல, ஒரு பாட்டையா தலைப்பா மேல. நான் இங்கயும் அங்கயும் ஓடறேன். ஒண்ணைப் புடிச்சா கையில இருக்கறது பத்து போகுது.

சனங்க புடிச்சுட்டாங்க. புடிச்சவங்க சும்மா குடுப்பாங்களா, படிக்க ஆரம்பிச்சாங்க. மாடு விக்க வந்த ஒருத்தரு கையில மாட்டுனது மேல் தாளு. விரிச்சா இடது கைப் பக்கம் ரெண்டாம் பக்கம், வலது கைப் பக்கம் பதினஞ்சாம் பக்கம். நடுவுல இருக்க வேண்டிய தாளெல்லாம் மாட்டுக் காலடியில கெடக்கு. அவரு சத்தமா, எழுத்துக் கூட்டிப் படிச்சாரு.

"'வூட்டைப் பூட்டிச் சாவியெடுத்து, வீதியிலே நான் எறங்கையிலே...'" வலது பக்கம் போனாரு. "'அரியலூரு டேசனிலே, அழுதபடி நான் நிக்கையிலே...' ஏன்யா, ரங்கூன்ல வூட்டைப் பூட்டிட்டு மறு வரியில அரியலூர்ல எறங்கிட்டாரே. ஏரோப்பிளான்லயா வந்தாரு?"

பக்கத்துல ஒரு காய்கறிக்காரம்மா, "வசதியான ஆளா இருப்பாரு," ன்னுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. இன்னொருத்தரு கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "கொடை நெஞ்சராம்ல," ன்னாரு. மறுபடி சிரிப்பு. நான் யாரோ மாதிரி நின்னுக்கிட்டேன்.

அப்பத்தான் மரத்துக்கு அந்தப் பக்கத்துலேருந்து குரல் வந்துச்சு.

"இல்லீங்க. நடந்தேன்."

மாப்பிள்ளை எந்திரிச்சு வந்தாரு. மாட்டுக்காரரு கையிலேருந்து தாளை வாங்கினாரு. "இதுக்கும் இதுக்கும் நடுவுல ரொம்ப தூரம் இருக்கு," ன்னாரு. "இடையில ஒரு ஆறு. அப்புறம் மலை. என்கூட வந்தவரு மலையில நின்னுட்டாரு."

"நின்னுட்டாருன்னா?"ன்னு அந்தக் காய்கறிக்காரம்மா கேட்டுச்சு.

மாப்பிள்ளை சொன்னாரு. பாட்டா சொல்லல, பேச்சா சொன்னாரு. எங்கயாச்சும் திக்கி நின்னா, "ஆத்தைத் தாண்டினது இதுல இருக்கு பாரு," ன்னு யாராவது ஒரு தாளை நீட்டுவாங்க. அதைப் பாத்துட்டு மறுபடி தொடருவாரு. இப்படி நடுவுல இருந்த பக்கமெல்லாம் ஒண்ணொண்ணா கைக்குக் கை மாறி அவருகிட்ட திரும்பி வந்துச்சு. ரங்கூன்ல கூட இருந்த தம்பி இவரோட கெளம்பலன்னும், வூட்டைப் பூட்டினதே இன்னொரு சாவி வச்சிருந்த அவன் திரும்பி வந்து தொறப்பான்னுதான்னும் எனக்கே அன்னிக்குத்தான் தெரியும். பதினஞ்சு பக்கம் பாட்டுலயும் அதை அவரு எழுதல.

கேட்டு முடிச்ச மாட்டுக்காரரு, "சாவி இருக்கா தம்பி?"ன்னாரு. மாப்பிள்ளை இடுப்புலேருந்து அவுத்துக் குடுத்தாரு. அது கை கையா சுத்துச்சு. என்ன கொண்டாந்தீங்கன்னு யாரும் கேக்கல. காய்கறிக்காரம்மா அதை முந்தானையில தொடைச்சுத் திருப்பிக் குடுத்துச்சு.

இதுக்குள்ள தானியக் கடையில மூட்டை தைக்கறவரு ஒருத்தரு, யாரும் கேக்காமலே சணலும் கோணி ஊசியும் எடுத்தாந்து, வந்த தாளையெல்லாம் அடுக்கி மடிப்புல தைச்சுட்டிருந்தாரு. கதையில காதை வச்சுக்கிட்டே தைச்சதால சிலதுல பக்கம் தலைகீழா போயிருச்சு. அதையும் வாங்கிட்டுத்தான் போனாங்க. அந்த மனுஷன் தைச்சதுல ஒண்ணு இன்னும் என்கிட்ட இருக்கு. மூட்டை மாதிரி கெட்டி, பிரியவே இல்ல. அவருக்கு நான் ஒரு கும்பிடு கூடப் போடல. இப்பப் போட்டுக்கறேன். அந்த மாட்டுக்காரருக்கும், காய்கறிக்காரம்மாவுக்கும், ஆடிக் காத்துக்கும் சேத்து. முள்ளைப் பச்சையா ஒடிச்ச புத்திசாலிக்கும் ஒண்ணு போடலாம்னா, அவனே கடைசிப் பக்கத்துல எல்லாத்தையும் போட்டுக்கிட்டான்.

திரும்பறப்ப பஸ்ஸு மேட்டுல நின்னுச்சு. எறங்கித் தள்ளினோம். தள்ளிக்கிட்டே மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினாரு.

"மச்சான், அடுத்த வாரமும் வரணும். வேப்பந்தட்டைப் பக்கமும் ஒரு நாள் போலாம்."

"தாராளமா. மறுபடி அச்சடிக்கணும்ல, நான் அரியலூர் போயி..."

"அச்சாபீஸுக்கு நான் போறேன். முள்ளும் நானே பொறுக்கிக்கறேன்," ன்னாரு. கொஞ்சம் தள்ளிட்டு, "நீங்க கடைசிப் பக்கம் மட்டும் எழுதுங்க. அதுக்குத்தான் நல்லா சிரிக்கறாங்க," ன்னாரு.