பாக்கியநாதன் சார் சொன்ன விக்கிரகம்

சனிக்கிழமை வேத வாசிப்பில், பைபிளைத் திறந்துவைத்துப் பாக்கியநாதன் சாரோடு உட்கார்ந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். வரிசை தவறிவிடுமோ என்ற பயத்தில், செய்தி வந்த அன்றே குறித்துவைத்தது இது:

1. செய்தி வந்த விதம்.
2. விக்கிரகத்தைப் பற்றி அவர் சொன்னது.
3. எல்லார் முன்னும் அவர் என்னைக் கண்டித்தது.

செவ்வாய்க்கிழமை காலை மணலூர்பேட்டையிலிருந்து அவர் மகள் பேசினாள். "அப்பா போயிட்டாருங்க சார்." எனக்கு முதலில் வந்தது துக்கமல்ல. இனி அவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்ற நிம்மதி. எழுதவே கூசுகிறது.

கள்ளக்குறிச்சியில் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். விக்கிரகங்களை விட்டு விலகச் சொல்லும் வசனங்களை அடுத்தவர் வீட்டைச் சுட்டிக்காட்டி வாசிக்க அவர் விடமாட்டார். "மனசு உள்ளுக்குள்ள எதுக்கு முன்னால குனியுதோ, அதான் விக்கிரகம்" என்பார். அரைகுறையாகக் கேட்ட நான், மாலை போட்டிருந்த என் அப்பாவின் படத்தைக் கழற்றிப் பரணில் வைத்துவிட்டேன்.

"இன்னா சார், அப்பாவ பரண்ல ஏத்திட்டீங்களாமே? பாவம், அவரு இன்னா பண்ணாரு? கீழ இறக்குங்க" என்று சிரித்தார்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம், ஒரு சனிக்கிழமை கல்வராயன் மலையடிவாரத்தில் வாசிப்பு. இருவரும் சைக்கிளில் போனோம். கச்சிராயபாளையம் சாலையில் போராட்டக்காரர்கள் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டு மறித்திருந்தார்கள்.

"வாத்தியாருங்களா? இன்னா ஆளுங்க நீங்க?" என்றான் ஒருவன்.

நான் என் சாதியைச் சொன்னேன்; அவர்களுடையதும் அதுதான். வழி விட்டார்கள். பிறகு அவர் பக்கம் திரும்பினார்கள். அவர் வேறு சாதி. அது தெரிந்தும், திரும்பிப் பார்க்காமல் சைக்கிளை மிதித்தேன்.

அடுத்த வாரம் வாசிப்பில் அவர் சொன்னார்: "மரத்தடியில ஒருத்தன் பயத்தக் கும்பிட்டான். அந்த விக்கிரகம் இன்னும் அவன் உள்ள உக்காந்துகினு இருக்குது." யார் முகத்தையும் அவர் பார்க்கவில்லை. அன்றிலிருந்து நான் கடைசி வரிசைக்குப் போனேன். அவரோடு தனியாகப் பேசுவதையும் விட்டேன்.

அடக்கம் முடிந்ததும், அன்று அவரை விட்டுப் போனதையும் வாசிப்பில் அவர் என்னைக் கண்டித்ததையும் சொல்லி அவர் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மாள் திகைத்தார்.

"உங்கள யாருங்கண்ணா சொன்னது? அவரு தன்னைத்தான சொன்னாரு. நீங்க போனதும் பயந்துகினு ஜாதிய மாத்திச் சொல்லிட்டாராம். அது உங்க காதுல வுழுந்திருக்கும், அதான் பேச மாட்டேங்கறீங்கன்னு கடைசி வரிக்கும் வெக்கப்பட்டுக்கினு இருந்தாரு."

பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன், அத்தனை வருடங்களில் முதல்முறையாக மூச்சு முழுதாக வந்தது. என் குற்றத்தையே உள்ளே நிறுத்திவைத்து நானும் கும்பிட்டிருக்கிறேன். என்னைப் போலவே பயந்த ஒரு நண்பர்தான் இப்போது என்னிடம் மிச்சம்.

மூன்றாவது குறிப்பு தவறு.