துப்பாக்கிக் கடையில் ஒரு ஸ்விட்ச் போர்டு

"துப்பாக்கிக் கடையில வேலை பாக்குற புள்ளையாம். எவன் தைரியமாப் பொண்ணு கேட்டு வருவான்?"

ராமநாதபுரம் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்த அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அந்தப் புள்ளை தனக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பதில் சொல்லும் பழக்கம் எனக்கு எப்போதும் இல்லை.

துப்பாக்கி விற்பதும் புடவை விற்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். இருப்பதை எல்லாம் இறக்கச் சொல்வார்கள். தோளில் வைத்துப் பார்ப்பார்கள். கூட வந்தவரிடம் "நல்லாருக்கா?" என்பார்கள். கடைசியில் "வீட்ல கேட்டுட்டு வாரேன்" என்று படியிறங்குவார்கள். கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்துப்போனவர்கள் யாராவது இதைப் படித்தால் தலையாட்டுவார்கள். ஒரே ஒரு வித்தியாசம், எங்கள் கடையில் அவர்கள் தோளில் வைத்துப் பார்க்கும்போது நாம் எதிரே நிற்கக் கூடாது.

காலி

பி.காம். முடித்துவிட்டு, கம்ப்யூட்டரில் பில் போடத்தான் இங்கே சேர்ந்தேன். கடையில் இருப்பது முதலாளியும் நானும் மட்டும் என்பதால், சேர்ந்த மாதமே துப்பாக்கியைத் திறந்து மூடப் பழகிவிட்டேன். எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. யார் கையில் கொடுப்பதாக இருந்தாலும் முதலில் அதைத் திறந்து, தோட்டா இருக்கும் இடத்தில் விரலை விட்டுப் பார்த்து, "காலி" என்று சொல்ல வேண்டும். வாங்குகிறவரும் விரலை விட்டுப் பார்த்து "காலி" என்று சொல்ல வேண்டும். இரண்டு காலி கேட்டால்தான் துப்பாக்கி கை மாறும். தேர்தல் வந்து, ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு போட்டால் சுற்றுவட்டாரத்துத் துப்பாக்கிகள் பல எங்கள் இரும்பு அலமாரிக்குத் தூங்க வரும். அந்த நாட்களில் கடை முழுக்கக் காலி, காலி என்று ஒரே சத்தமாக இருக்கும்.

ஆரம்பத்தில் நான் சொன்ன காலி எனக்கே கேட்காது. உதடு மட்டும் அசையும். ஒருநாள் முதலாளி என் கையிலிருந்த துப்பாக்கியைத் திரும்ப வாங்கி மேசையில் வைத்தார். வாடிக்கையாளர் எதிரிலேயே சொன்னார்: "சத்தமாச் சொல்லும்மா. நீ கூச்சப்பட்டதுல ஒரு ஆள் சாகக் கூடாது."

சுவரில் மூன்று இடங்கள்

கவுன்ட்டருக்கு எதிரே வெறும் சுவர். அதில் மூன்று பொருள்கள்தான். மேலே கடிகாரம், நடுவில் ஸ்விட்ச் போர்டு, கீழே முழங்கால் உயரத்தில் ஒரு பிளக் பாயின்ட். துப்பாக்கி கைக்கு வந்ததும் எல்லாரும் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் நீட்டுவார்கள். பேசாமல் நிற்கிறவளுக்குப் பார்ப்பது ஒன்றுதானே பொழுது? கொஞ்ச நாளிலேயே எனக்கு ஒரு கணக்குப் பிடிபட்டது. காட்டுப்பன்றித் தொல்லைக்கு லைசென்ஸ் வாங்கிய விவசாயிகளின் குழல் தானாகவே கீழே இறங்கி பிளக் பாயின்டில் நிற்கும். பன்றியின் உயரம் அது. வானத்தைப் பார்த்துச் சுட நினைப்பவர்கள் கடிகாரத்துக்குப் போவார்கள். ஸ்விட்ச் போர்டுக்கு யாரும் வருவதில்லை.

எங்கேயும் நீட்டாதவர் ஒருவர்தான். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து நகைக்கடை வாசலில் காவல் நிற்கும் ஒரு மாமா. இரட்டைக் குழலையும் செமி ஆட்டோவையும் மாறி மாறித் தோளில் மாட்டி, ஒவ்வொன்றோடும் கால் மாற்றி மாற்றி வெகுநேரம் நின்று பார்த்தார். எதற்கு மாமா என்று முதலாளி கேட்டதற்குச் சொன்னார்: "சுடவா போறேன்? சாயங்காலம் வரைக்கும் நிக்கப் போறேன். எது இடுப்ப ஒடிக்காதோ அதக் குடுங்க."

உப்புக் காற்று

செமி ஆட்டோ என்றால் ஒரு தோட்டா வெடித்ததும் அடுத்தது தானாகவே ஏறிக்கொள்ளும். விசையை மறுபடி அழுத்தினால் போதும். அதில் இரண்டு வகை எங்களிடம் உண்டு. ஒன்று வெடித்த புகையின் அழுத்தத்தில் இயங்குவது. தோளில் மெதுவாகத்தான் உதைக்கும், ஆனால் உள்ளே கரி படியும், அடிக்கடி கழற்றித் துடைக்க வேண்டும். இன்னொன்று அந்த உதையையே வாங்கி ஸ்பிரிங்கில் இயங்குவது. கனம் குறைவு, அழுக்கும் குறைவு, ஆனால் தோளைப் பதம் பார்த்துவிடும்.

திருப்பாலைக்குடி பக்கத்தில் இறால் பண்ணை வைத்திருக்கும் ஒருவர் வந்தார். நீர்க்காகம் கூட்டமாக இறங்கிக் குட்டையைக் காலி செய்கிறதாம். குழல் நேராகக் கடிகாரத்துக்குப் போனது. துப்பாக்கி விஷயத்தில் மட்டும் எனக்கு வாய் வரும். பறவையைச் சுடக் கூடாது என்றேன். சரி, சத்தம் காட்டத்தான் என்றார். புகையில் இயங்குவதைத் தொட்டார். உங்கள் பக்கத்து உப்புக் காற்றுக்கு இதைத் துடைக்காமல் வைத்தால் உள்ளே இறுகிவிடும் என்றேன். ஸ்பிரிங்கை எடுத்தார். அது உதைக்கும் என்றேன். அவர் அதை மேசையில் வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தார். "ஏம்மா, நீ விக்கிறதுக்கு நிக்கிறியா, மறிக்கிறதுக்கு நிக்கிறியா?"

சிக்கல்காரர்

எங்கள் கடையில் ஆட்களுக்கு ஊர்ப்பெயர்தான் பெயர். அபிராமத்துக்காரர், தொண்டிக்காரர். அப்படி ஒருவர் சிக்கல்காரர். நாற்பது வயது இருக்கும். மிளகாய் போட்டிருந்தார். இறந்துபோன அய்யாவின் லைசென்ஸ் இவர் பெயருக்கு மாறியிருந்தது. அய்யாவின் பழைய இரட்டைக் குழலைக் கொடுத்துவிட்டு செமி ஆட்டோ எடுக்க வேண்டும் என்றார். மச்சினனும் கூட வந்திருந்தார்.

பன்றிக்கு வாங்குகிறவர்கள் என்ன கேட்பார்கள் என்று எனக்கு மனப்பாடம். எவ்வளவு தூரம் போகும், மழையில் நனைந்தால் என்ன ஆகும். எத்தனை தோட்டா என்று கேட்க மாட்டார்கள். முதல் சத்தத்திலேயே கூட்டம் கலைந்துவிடும், இரண்டாவதற்கு அங்கே பன்றி இருக்காது. சிக்கல்காரர் தூரம் கேட்கவில்லை, மழையும் கேட்கவில்லை. "நிறுத்தாம எத்தன போகும்?" என்றார். இரண்டு வகையையும் தோளில் வைத்தார். இரண்டு முறையும் குழல் ஸ்விட்ச் போர்டில் போய் நின்றது.

மச்சினன் சிரித்தார். "பன்னிக்கா மச்சான் இது? கார்கிலுக்குப் போற மாதிரில்ல இருக்கு!" பிறகு முதலாளியிடம் திரும்பினார். "அண்ணே, இவரு சித்தப்பா மகன் பக்கத்துக் காட்டச் சீமக்கருவையா விட்டு வச்சிருக்கான். பன்னி அங்கன படுக்குது, இவரு மொளகாய்ல மேயுது. வெட்டுடான்னா, கரிமூட்டம் போட வச்சிருக்கேன், எம்பொழப்ப வெட்டச் சொல்றியாங்கிறான். பஞ்சாயத்து வச்சும் பாத்தாச்சு. ரெண்டு வருச மொளகா போச்சு."

சிக்கல்காரர் சிரிக்கவில்லை. குழலையும் இறக்கவில்லை. "பன்னிய வளக்குறவன விட்டுட்டுப் பன்னியச் சுட்டு என்ன பிரயோசனம்?"

இன்னொருவர்

அடுத்த வாரம் ஒருவர் வந்தார். நகக்கண்ணெல்லாம் கரி. கடையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "சிக்கல்லருந்து எங்கண்ணன் வந்தாராமே? என்னத்தப் பாத்துட்டுப் போனாரு?" என்று கேட்டார். முதலாளி, லைசென்ஸ் இருக்கா என்றார். இல்லை. அப்ப இங்க ஒண்ணும் காட்ட முடியாதுப்பா. அவர் போகாமல் மேசைக் கண்ணாடி மேல் கையை ஊன்றி நின்றார். கை எடுத்த இடத்தில் ஐந்து விரலும் கரியாகப் பதிந்திருந்தது. "லைசென்ஸ் வாங்கிட்டு வாரேன். அண்ணன் பாத்ததவிட ஒரு தோட்டா கூடப் போறது ஒண்ணு எடுத்து வைங்க."

அவர் போனதும் கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே, சேர்ந்ததிலிருந்து முதல் முறையாக, முதலாளி கேட்காமலே அவரிடம் ஒன்றைச் சொன்னேன். சிக்கல்காரர் பன்றிக்கு வாங்கவில்லை சார். குழல் ஸ்விட்ச் போர்டில் நிற்கிறது. முதலாளி சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அனுமதி எல்லாம் சரியாக வந்துவிட்டது, வரும் வாரம் எடுக்க வருகிறார், இனி என்ன சொல்லி மறுப்பது என்றார். "நெஞ்சுல இருக்கிறதப் பாக்க கவர்மென்ட் நமக்கு லைசென்ஸ் குடுக்கலம்மா."

அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோனேன். வீட்டில் காய்ச்சலா என்று கேட்டார்கள்.

பிளக் பாயின்ட்

சிக்கல்காரர் தனியாக வந்தார். சட்டைப் பொத்தான்களை ஓட்டை மாற்றிப் போட்டிருந்தார். பழைய துப்பாக்கியைக் கோணிப்பையிலிருந்து உருவி என்னிடம் நீட்டினார். மடக்கித் திறந்து, இரண்டு குழலிலும் விரலை விட்டுப் பார்த்தேன். "காலி." சுவரோரம் சாய்த்து வைத்தேன். முதலாளி புதியதைப் பெட்டியிலிருந்து எடுத்துத் திறந்து காட்டினார். "காலி." சிக்கல்காரரும் விரலை விட்டுப் பார்த்தார். "காலி."

"இன்னொருக்கா தோளுக்குச் சரியா இருக்கான்னு பாத்துக்கங்க," என்றார் முதலாளி. பில் போடச் சொல்லி எனக்குக் கண்ணைக் காட்டினார்.

நான் கம்ப்யூட்டரில் பெயரை அடித்தேன். நிமிர்ந்தபோது குழல் ஸ்விட்ச் போர்டில் நின்றது. போன முறை விரல் விசை வளையத்துக்கு வெளியேதான் இருந்தது. இன்று உள்ளே இருந்தது. ஒரு கண்ணை மூடியிருந்தார். துப்பாக்கி காலி என்று மூன்று பேருக்கும் தெரியும். இருந்தும் முதலாளி மேசையில் கையை ஊன்றிக்கொண்டார்.

"அண்ணே," என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. எனக்கே கேட்கவில்லை.

காலி சொல்கிற குரலை எடுத்துக்கொண்டு மறுபடி கேட்டேன். "அண்ணே, பன்னி அம்புட்டு உசரமா இருக்கும்?"

முதலாளி கையை மேசையில் வைத்தபடியே நின்றார். சிக்கல்காரர் திரும்பவில்லை. மூடிய கண் மட்டும் திறந்தது. குழலுக்கு மேலாக அந்த ஸ்விட்ச் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குழல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பிளக் பாயின்டில் ஒரு நொடி நின்று, அதையும் தாண்டித் தரையைத் தொட்டது.

"இல்ல தங்கச்சி," என்றார். "அது எங்க உசரம். அவனும் நானும் ஒரே உசரம்."

துப்பாக்கியை அவரே பெட்டியில் வைத்து மூடினார். பில் போடட்டுமா என்று முதலாளி கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். சுவரோரம் சாய்த்திருந்த அய்யாவின் இரட்டைக் குழலைக் காட்டி, "அதுவும் இங்கனயே இருக்கட்டும். மொளகா எடுத்து முடிக்கிற வரைக்கும் நான் கேட்டாலும் குடுக்காதீங்க," என்றார்.

பிறகு சட்டைப் பைக்குள் கையை விட்டார். இரண்டு தோட்டாக்களை எடுத்து என் மேசைக் கண்ணாடி மேல் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக நிற்க வைத்தார். பையை வெளியே இழுத்து என்னிடம் காட்டினார். "காலி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.