கோலார் தங்க வயலுக்கு ஒரு ஹேண்டில்பாரைத் திரும்ப வாங்கப் போன கதை

மலைப்பாதை சைக்கிளுக்குக் கார்பன் ஹேண்டில்பார் போடலாமா, போட்டால் எது நல்லது என்று இந்த வலைப்பூவில் ஏழெட்டுப் பேர் கேட்டிருந்தீர்கள். நான் பதில் போடாமல் இழுத்தடித்தேன். சோம்பேறித்தனம் என்று நினைத்திருப்பீர்கள். வெட்கம்தான் காரணம். போன மாதம் கோலார் தங்க வயலுக்குப் போய் வந்த பிறகுதான் எழுதலாம் என்று தோன்றியது. நீங்கள் கேட்ட பதிலும் இதற்குள்தான் இருக்கிறது.

அந்த வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் அருளிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. அருள் என் பழைய கம்பெனி நண்பன். வீடு தங்க வயலில், வேலை பெங்களூரில்; விடியற்காலை ரயிலில் வந்து ராத்திரி வீடு திரும்புகிறவன். போட்டோவில் அவனுடைய சைக்கிள். முன்கம்பியில் பூட்டிய சின்ன சீட்டில் ஐந்து வயது மகள் ஷெரின். இரண்டு கைகளாலும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். கீழே, 'சண்டே பேத்தமங்கலம் ஏரிக்குப் போறோம்' என்று எழுதியிருந்தான்.

அது நான் கொடுத்த ஹேண்டில்பார். கார்பன், 780 மில்லிமீட்டர் அகலம், 210 கிராம். எட்டு மாதத்துக்கு முன்னால் அவன் தன்னுடைய பழைய கம்பியில் உள்ளங்கை மரத்துப்போகிறது என்று சொன்னான். நான் புதிது வாங்கியிருந்ததால் இதைச் சும்மாவே கொடுத்துவிட்டேன். பெரிய கர்ணன்! கொடுப்பதற்கு முன்னால் நந்தி மலைப் பக்கம் அதோடு ஒரு தடவை பாறையில் விழுந்திருந்தேன். ஒரு கீறல் மட்டும் தெரிந்தது. அசிங்கமாக இருக்கிறதே என்று அதன் மேல் மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டினேன். விழுந்த கதையை அவனிடம் சொல்லவில்லை. போட்டோவில் ஷெரினின் இடது கை அந்த ஸ்டிக்கரின் மேல் இருந்தது.

அலுமினியம் அடிபட்டால் வளையும், நசுங்கும், கண்ணுக்குத் தெரியும். கார்பன் அப்படி இல்லை. வெளியே சாதுவாக இருக்கும், உள்ளே அடுக்கு பிரிந்திருக்கும், ஒருநாள் சொல்லாமல் இரண்டாகும். இது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன். தட்டைத் தள்ளி வைத்தேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நான்கு தடவை நம்பரை எடுத்து நான்கு தடவையும் வைத்தேன்.

சனிக்கிழமை காலை எட்டரை மணி ரயில், பதினைந்து நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. பையில் 2,400 ரூபாய்க்கு வாங்கிய புது அலுமினியம் ஹேண்டில்பார், ஜிப்புக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. பங்காருப்பேட்டை தாண்டியதும் பெட்டி காலியாகிவிட்டது. மாரிக்குப்பத்தில் இறங்கியபோது மணி பதினொன்று பத்து. ஆண்டர்சன்பேட்டை கடைத்தெரு வழியாக அருளின் வீடு இருக்கும் ஸ்கெலட்டன் குடியிருப்புக்குப் போக ஆட்டோவுக்கு எண்பது ரூபாய் கேட்டார்கள், கொடுத்தேன். பேரம் பேசும் நிலையில் நான் இல்லை.

"இன்னா சார், சயனைடு மேட்ல சைக்கிள் உட வந்தீங்களா?" என்றார் ஆட்டோக்காரர், பையைப் பார்த்து.

"இல்லண்ணா, நண்பர் வீட்டுக்கு."

"அதுவும் சரிதான். மேட்ல இப்போ உள்ள உடமாட்டாங்க. போனா தொரத்துவாங்க."

ரயில் பிடித்து மேட்டில் ஓட்டலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும். சாம்பல் நிறத்தில், ஒரு புல்கூட இல்லாமல், ஒவ்வொரு தெருவின் முடிவிலும், சயனைடு போட்டுத் தங்கம் பிரித்த பிறகு கொட்டிய அந்த மண்மேடுகள்தான் நிற்கின்றன. அன்றைக்கு வானமும் அதே நிறத்தில் இருந்தது.

அருள் வாசலில் சைக்கிளைத் தலைகீழாக வைத்துச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் பயணத்துக்குத் தயார் செய்கிறானாம். நான் ரயிலில் ஒத்திகை பார்த்த பொய்யை அவிழ்த்தேன். இது புது மாடல், உனக்கு இதுதான் பொருத்தம், மாற்றித் தருகிறேன் என்றேன்.

"கார்பன கழட்டிட்டு அலுமினியம் போடுவாங்களா? உனக்கு இன்னா பைத்தியமா?" என்று சிரித்தான். சைக்கிளை நிமிர்த்தி, ஸ்பேனரால் ஹேண்டில்பாரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தட்டினான். "கேளு. எப்படி ணங்குனு பேசுது! கெட்டிருந்தா பொத்துனு கேக்கும்."

அவன் அப்பா சுரங்கத்தில் இருந்தவர். தலைக்கு மேலிருக்கும் கல்லைக் கம்பியால் தட்டிச் சத்தம் கேட்ட பிறகுதான் அடியில் நிற்பார்களாம். அப்பா போய்ப் பல வருஷம் ஆகியும் அந்தப் பழக்கம் வீட்டைவிட்டுப் போகவில்லை. கடையில் குடம் வாங்கினாலும் அருள் தட்டித்தான் வாங்குவான். காது நல்ல காதுதான். ஆனால் ஹேண்டில்பாரை நடுவில் இறுக்கிப் பிடிக்கிறதே ஒரு கிளாம்ப், அதற்கு அடியில் எந்த ஸ்பேனரும் தட்ட முடியாது.

உள்ளேயிருந்து அவன் மனைவி மெர்சி வந்தாள். என்னைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். "ஏண்ணா, ஒரு ஹேண்டில்பார் மாத்தவா பெங்களூர்லேர்ந்து ரயிலேறி வந்தீங்க?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பொய் இல்லை. நந்தி மலையில் விழுந்தது, கீறல், ஸ்டிக்கர், எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே சொன்னேன்.

அருள் நகத்தால் ஸ்டிக்கரை உரித்தான். கீறலை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு நான்கு திருகாணிகளையும் கழற்றி ஹேண்டில்பாரை வெளியே எடுத்தான். கிளாம்ப் இருந்த இடத்தில், கீறலுக்கு இரண்டங்குலம் தள்ளி, தலைமுடி கனத்தில் ஒரு விரிசல் பாதி வட்டம் ஓடியிருந்தது. இரண்டு பக்கமும் பிடித்து லேசாக அழுத்தினான். உள்ளே கறுக்கென்றது.

மெர்சி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். ஷெரினைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"எட்டு மாசம்," என்றான் அருள். "சனிக்கெழம, ஞாயித்துக்கெழம எல்லாம் இவள இதுல குந்த வெச்சிதான் சுத்துனேன்."

"தப்புடா அருள். மன்னிச்சிடு."

அவன் புதுக் கம்பியை எடுத்துப் பொருத்த ஆரம்பித்தான். நான் உதவப் போனபோது கையை நகர்த்திக்கொண்டான். நாற்பது நிமிடம் ஆயிற்று. கடைசித் திருகாணியை முறுக்கிய பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னான்:

"ஷிஃப்ட் முடிஞ்சி மேல வர்றவன், கீழ எறங்கறவன்கிட்ட எந்த எடத்துல கல்லு சரியில்லன்னு சொல்லிட்டுதான் மேல வர்ற கேஜ் லிஃப்ட்ல ஏறுவான். எங்கப்பாவுக்கும் கூட வேல செஞ்ச ஒருத்தருக்கும் ஆகவே ஆகாது. பத்து வருஷம் பேச்சு வார்த்தயே இல்ல. ஆனா அத மட்டும் ரெண்டு பேரும் சொல்லிக்குவாங்க. அதுக்கப்புறம் மூஞ்ச திருப்பிக்குவாங்க." பழைய ஹேண்டில்பாரை நியூஸ் பேப்பரில் சுற்றி என் கையில் கொடுத்தான். "நீயே எடுத்துனு போ."

சாப்பிட்டுப் போ என்று யாரும் சொல்லவில்லை. அந்த வீட்டிலிருந்து சாப்பிடாமல் நான் கிளம்பியது இதுதான் முதல் தடவை. ஸ்டேஷன்வரை நடந்தேன். தூறல் வேறு. நான்கு மணி ரயிலுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

இனி நீங்கள் கேட்டதற்குப் பதில். கார்பன் நல்ல பொருள்தான். அதிர்வைக் குறைக்கும், கை மரத்துப்போகாது. புதிதாக வாங்க ஒன்பதாயிரம் கையில் இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் நல்ல அலுமினியமே போதும்; நூறு கிராம் கூடுதல், அவ்வளவுதான். பழையது வேண்டாம், எவ்வளவு நெருங்கிய நண்பர் கொடுத்தாலும் சரி. திருகாணியைக் கைப்போக்கில் முறுக்காதீர்கள், முறுக்கு அளவு காட்டும் ஸ்பேனரால் கிளாம்பில் எழுதியிருக்கும் அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். பலமாக ஒரு தடவை விழுந்தால் மாற்றிவிடுங்கள். மாற்றியதை யாருக்கும் கொடுக்காமல் ரம்பத்தால் இரண்டாக அறுத்துப் போடுங்கள். என்னுடையதை நான் அறுத்துவிட்டேன்.

அருள் அதற்குப் பிறகு என் போனை எடுக்கவில்லை. தீபாவளி வாழ்த்துக்கும் பதில் இல்லை. அவர்கள் அந்த ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போனார்களா என்றுகூட எனக்குத் தெரியாது. நான் மட்டும் முந்தாநாள், அடுத்த வாரம் பேத்தமங்கலம் பக்கம் ஓட்டப்போவதாக அருளும் இருக்கிற எங்கள் சைக்கிள் வாட்ஸ்அப் குழுவில் பொதுவாகப் போட்டிருந்தேன். நேற்றுக் காலை அருளின் நம்பரிலிருந்து, குழுவில் இல்லாமல் எனக்குத் தனியாக, ஒரு செய்தி வந்தது. வணக்கம் இல்லை, பெயர் இல்லை.

'பேத்தமங்கலம் ரோட்ல ஏழாவது கிலோமீட்டர், எறக்கத்துல ஜல்லி கொட்டி வெச்சிருக்காங்க. வளைவுல தெரியாது.'

நன்றி என்று அனுப்பினேன். அவன் பார்த்துவிட்டான். பதில் எதுவும் வரவில்லை.