வாசலைப் பார்த்த பூட்ஸ்

புருஷன் சுரங்கத்துக்குள் இருக்கும்போது வீட்டில் விட்டுப்போன அவன் செருப்பின் முனை அறையைப் பார்த்திருக்க வேண்டும். வாசலைப் பார்த்தால் ஆள் திரும்ப மாட்டான். நாம்சான் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் லைனில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். கல்யாணமாகி வந்த போக்ஸூனும் அப்படியே வைத்தாள். ஷிப்ட் தவறாமல் அவள் புருஷன் கில்மான் திரும்பி வந்தார், நெஞ்சு நிறையத் தூசியோடு.

சுரங்கத்தை மூடிய பிறகு தூசி நோய் வார்டில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தார். அங்கேயும் செருப்பு கட்டிலைப் பார்த்தே இருந்தது.

"அதத் திருப்பி வெச்சிடு. போதும்" என்றார்.

"சும்மா கெடங்க."

தினமும் கேட்டார். ஒருநாள் திருப்பி வைத்தாள். மறுநாள் விடியுமுன் போய்விட்டார். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

லைனில் இடியாமல் நின்ற ஒரே வீட்டை ஊர்க்காரர்கள் நினைவு இல்லமாக்கினார்கள். முன்னின்றவள் பழைய பக்கத்து வீட்டுக்காரி மியோங்ஜா. போக்ஸூன் கொடுத்த கில்மானின் பூட்ஸை அவள் முறைப்படி உள்நோக்கி வைத்தாள். போக்ஸூன் வரும்போதெல்லாம் அதை வாசல் பக்கம் திருப்பினாள்.

"என்னக்கா, நம்ம வழக்கமே மறந்துபோச்சா?"

"எனக்கு நீ வழக்கம் சொல்றியா? இங்க வந்தப்ப ஒனக்கு அரிசி களையக்கூடத் தெரியாது."

நினைவு இல்லத்துக்கு மின் இணைப்பு கொடுத்துக்கொண்டிருந்த போக்ஸூனின் மகன் மன்ஹோவிடம் மியோங்ஜா சொன்னாள்: "அம்மாவுக்கு வயசாயிடுச்சு. பூட்ஸ உள்ள பாத்து தரையோட சேத்து ஸ்க்ரூ போட்டுடு தம்பி."

அவன் டிரில்லை எடுத்தான். போக்ஸூன் அவன் கையைப் பிடித்தாள்.

"உள்ள பாத்து முடுக்காதடா. அந்த மூச்சுத் திணறலுக்கு அவரத் திரும்பக் கூப்பிடாத. வார்டுல நான்தான் திருப்பி வெச்சேன். அவர்தான் கேட்டாரு."

மன்ஹோ டிரில்லைக் கீழே வைத்தான். அப்பாவின் கடைசி நாளன்று அவன் வேறு ஊரில் வேலையில் இருந்தான். மியோங்ஜா ஜன்னலைப் பார்த்தபடி பேசினாள்.

"எங்க வீட்டுல அவர் செருப்பு உள்ள பாத்துதான்க்கா இருந்துச்சு. குழி இடிஞ்ச அன்னிக்கும்."

பிறகு மன்ஹோ பூட்ஸை வாசலைப் பார்க்க வைத்து முடுக்கினான். மியோங்ஜா தடுக்கவில்லை.

திறப்பு நாளில் மிச்சமிருந்த பழைய தொழிலாளிகள் வந்தார்கள். பூட்ஸ் வாசலைப் பார்த்து இருப்பதைக் கண்டதும் நிலைப்படியிலேயே நின்றார்கள். ஒருவர் தொப்பியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். எவரும் உள்ளே கால் வைக்கவில்லை. வெளியே வைத்திருந்த சோஜு சாராயத்தைக் குடித்துவிட்டு ஒவ்வொருவராக மலையிறங்கினார்கள்.

அறைக்குள் போக்ஸூன் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.