ஜூஸ் பாக்கெட்டுக்கு மூடி போட்ட கதை

மூடி செய்கிறவனை உலகம் இரண்டே சமயங்களில்தான் நினைக்கும்: மூடி திறக்காதபோது, அல்லது கேட்காமலே திறந்துகொண்டபோது. பல்லால் கடித்து மூடி திறந்து ஈறில் ரத்தம் பார்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

தொண்ணூறுகளின் நடுவில், அடையாறில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பட்டறையில் டிசைனராக இருந்தேன். ஒரு கம்பெனி மாம்பழ ஜூஸை மெத்தென்ற பாக்கெட்டில் அடைத்து, மேலே குட்டிக் குழாய் வைத்து விற்க நினைத்தது. குழாய்க்கு மூடி வேண்டும். ஒருமுறை திறந்தால் அது வெளியே தெரிய வேண்டும். திறந்த மூடி தொலையவும் கூடாது. மூடிக்குக் கீழே ஒரு வளையம் வைத்தேன். திருகினால் பட்டென்று அறுந்துவிடும், பிறகு ஒட்டாது. மூடியைக் குழாயோடு பிணைக்க ஒரு பிளாஸ்டிக் வார். நான் படம் போட, பட்டறையில் அச்சு வேலை பார்க்கிற பஷீர் பாய் இரும்பில் அச்சு வெட்டினார்.

காக்கிச் சட்டையில் மாம்பழம்

முதல் மாதிரிகளோடு தி. நகரில் ஒரு துணிக்கடை வாசலில் நின்று, போகிற வருகிறவர்களிடம் குடித்துப் பார்க்கச் சொன்னேன். பட்டறையில் நாங்கள் எல்லோரும் குழாயை வாயில் வைத்து உறிஞ்சித்தான் சோதித்திருந்தோம். வீட்டில் தண்ணீர்ச் சொம்பைக்கூட எச்சில் படாமல் தூக்கிக் குடிக்கிற நான், படம் போடும்போது மட்டும் அதை மறந்துபோனேன்.

ஓர் ஆட்டோ டிரைவர் மறக்கவில்லை. அண்ணாந்து, பாக்கெட்டை ஒரு சாண் உயரத்தில் பிடித்து அமுக்கினார். வாரில் தொங்கிய மூடி சரியாகக் குழாய்க்கு நேரே வந்து நின்றது. ஜூஸ் அதில் பட்டுத் தெறித்துக் காக்கிச் சட்டையெல்லாம் மஞ்சள். அவர் கோபப்படவில்லை. சட்டையைத் துடைத்துக்கொண்டே பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார். "இன்னா சார், எனக்கு முன்னாடி உங்க மூடி குடிச்சிக்கினு கீது."

குளத்தங்கரைக் கடைக்காரர்

வாரை விறைப்பாக்கி, மூடி பின்பக்கம் மடிந்து நிற்கும்படி செய்தோம். அடுத்த சோதனை மயிலாப்பூரில், குளத்தை ஒட்டிய ஒரு மளிகைக் கடையில். இரண்டு நாள் கழித்துப் போனால், விற்காமல் இருந்த பாக்கெட் அத்தனையிலும் வளையம் அறுந்திருந்தது.

கடைக்காரர் பெரிய உபகாரம் செய்த திருப்தியில் இருந்தார். கோயிலுக்கு வருகிற வயதானவர்கள் திறக்கத் திணறினார்களாம். அதனால் காலையில் வந்ததும் எல்லாவற்றையும் தானே ஒருமுறை திருகித் திறந்து, மறுபடி மூடி வைத்துவிட்டாராம். வேறு யாராவது திறந்திருந்தால் வாங்குகிறவருக்குத் தெரியத்தான் அந்த வளையம் என்று விளக்கினேன். அவர் முகம் வாடிவிட்டது. "என் கை பட்டதைக் குடிக்க யோசிக்கிறவங்க என் கடைக்கு எதுக்கு சார் வரப் போறாங்க?"

நறுக்கிய மூலை

இதைக் கேட்ட ஜூஸ் கம்பெனி மேனேஜர், வளையம் இன்னும் கெட்டியாக இருக்கட்டும் என்றார். கெட்டியாக்கினோம். ஒரு பாக்கெட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் என் மனைவி கல்யாணியிடம் கொடுத்தேன். அவள் வீணை டீச்சர். சாயங்காலம் கேட்டதற்கு, ஜூஸ் நன்றாக இருந்தது, மூடியும் சுலபமாகத் திறந்தது என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெருமையோடு குப்பைக்கூடையில் எட்டிப் பார்த்தேன். வளையம் அறுபடவே இல்லை. பாக்கெட்டின் மூலையைக் கத்தரிக்கோலால் நறுக்கியிருந்தாள்.

விசாரித்தபோதுதான் தெரிந்தது, இரண்டு மாதமாக அவளுடைய விரல் மூட்டுகள் வீங்கி இருந்திருக்கின்றன. பாடம் எடுக்கும்போது வாசித்துக் காட்டாமல் பாடிக் காட்டியே சமாளித்திருக்கிறாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்கு அது தெரியவில்லை, வெட்கமாக இருந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா வீணைய உறை போட்டு மூடி வெச்சுடுவேள்னு பயமா இருந்தது."

பஷீர் பாய் கண்ணாடி துடைத்தது

டாக்டர் மாத்திரை கொடுத்தார். வலிக்காத அளவுக்கு வாசிக்கலாம் என்றும் சொன்னார். வீக்கம் மெல்ல வடிந்தது. ஆனால் தன் கை மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கை திரும்பவில்லை. வீணைப் பக்கமே போகாமல் இருந்தாள். ஊறுகாய் பாட்டிலைக்கூடப் பேசாமல் என்னிடம் நீட்டினாள். அவள் தன் கையாலேயே திறக்கிற மூடி ஒன்றைச் செய்யாமல் விடுவதில்லை என்று எனக்குள் ஒரு பிடிவாதம் வந்தது.

வளையத்தில் கை வைக்க மேனேஜர் விடமாட்டார். அதனால் மூடிக்கு இரண்டு பக்கமும் காது மாதிரி பட்டை வைத்து வரைந்தேன். விரலால் இறுக்கிப் பிடிக்க வேண்டாம், உள்ளங்கையால் தள்ளியே திருகலாம். ஆனால் அதற்கு, பஷீர் பாய் வாரக்கணக்கில் உட்கார்ந்து முடித்த அச்சை மறுபடி வெட்ட வேண்டும். வெட்டிய இரும்பைத் திரும்ப வைக்க முடியாது. கை தவறினால் அத்தனை உழைப்பும் வீண். கம்பெனியில் கேட்டார்களா என்றார் பாய். இல்லை, வீட்டு விஷயம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "கம்பெனிக்குன்னா நாளைக்குப் பாக்கலாம்னு சொல்லியிருப்பேன். மாமிக்குன்னா இப்பவே வெட்டறேன் சார்."

ஞாயிற்றுக்கிழமை

புது மூடி போட்டுப் பன்னிரண்டு பாக்கெட் தேறியது. மறுநாள் காலை மேனேஜரிடம் காட்ட வேண்டியவை, வேறு கிடையாது. ஒன்றை மட்டும் திறந்து பார் என்று கல்யாணியிடம் சொல்லிவிட்டு, காபிப்பொடி வாங்கக் கிளம்பினேன். வீட்டில் காபிப்பொடி இருந்தது. அவளால் முடியாமல் போனால் நான் பக்கத்தில் இருக்கக் கூடாது என்றுதான் போனேன்.

திரும்பி வந்தபோது சாப்பாட்டு மேஜையில் பன்னிரண்டு பாக்கெட்டும் வரிசையாக இருந்தன. பன்னிரண்டு வளையமும் அறுந்திருந்தது. ஒன்றிலும் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. அவள் தன் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஒண்ணு திறந்தது தற்செயலா இருக்குமோன்னு அடுத்ததைத் திறந்தேன். பன்னெண்டும் தற்செயலா இருக்காதோல்லியோ?"

திங்கள் காலை, உள்ளே அவள் வீணைக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருக்க, திறந்ததை யாராலும் மறைக்க முடியாத மூடிதான் வேண்டும் என்று அடம்பிடித்த மேனேஜரைப் பார்க்க, மறைக்க முடியாத பன்னிரண்டோடு நான் பஸ் ஏறினேன்.