அக்கா கேட்ட இரண்டாவது படி

அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையில் உங்கள் கைகளுக்கு வரும் இந்த நினைவுமலரின் முதற் பக்கத்தில், அவரின் மகள் தாயின் வாழ்க்கைக் குறிப்பை எழுதியிருக்கிறாள். புத்தூரில் வெங்காயத் தோட்டம் செய்யும் ஒரு குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார் என்பது முதல் எல்லாம் சரியாகவே இருக்கின்றன. "குடும்பச் சூழ்நிலை காரணமாக உயர்கல்வியைத் தொடரவில்லை" என்ற ஒரு வரிக்கு மட்டும் விளக்கம் தேவை. அந்த வரியை அவளுக்குச் சிறுவயதில் சொல்லிக்கொடுத்தவன் நான்.

எண்பதுகளின் நடுவில் அக்காவும் நானும் ஒன்றாகவே உயர்தரப் பரீட்சை எழுதினோம். எனக்கு அது முதல் தரம். இரண்டு வயது மூத்த அக்காவுக்கு இரண்டாம் தரம். எனக்கு மருத்துவபீடம் கிடைத்தது. அக்காவுக்குச் சில புள்ளிகளால் தவறியது. இனி ஒரேயொரு தரம், எங்கள் பேச்சில் மூன்றாம் ஷை, அவர் எழுதலாம். அதற்குமேல் வழி இல்லை.

பல்கலைக்கழகம் எப்போது தொடங்கும் என்று யாருக்கும் தெரியாத காலம். ஊர் அதற்குள் என்னை டொக்டர் ஆக்கிவிட்டது. கரப்பான் பூச்சியையும் தேரையையும் தவிர வேறொன்றையும் வெட்டியறியாத பத்தொன்பது வயதுக்காரனுக்குக் கிழவர்கள் நாக்கை நீட்டிக் காட்டினார்கள். நானும் வெட்கமில்லாமல் உற்றுப் பார்த்து, "ம்" என்று தலையாட்டினேன்.

"உந்த மாதங்களை என்ன செய்யிறதா யோசனை?" என்று அப்பா ஒருநாள் கேட்டார். தோட்டத்துக்கு வா என்று கேட்க அவருக்குத் துணிவில்லை. டொக்டரின் கையில் மண்வெட்டி கொடுக்கலாமா?

அக்காதான் வாய் திறந்தார். "தம்பி, எனக்குக் கெமிஸ்ற்றியை மட்டும் சொல்லித் தாவன். பின்னேரத்திலை ஒரு மணித்தியாலம் காணும்."

"உனக்குச் சொல்லித்தந்து என்ரை மூளையும் களியாகவோ?" என்றேன்.

"வாயைப் பார் இவனுக்கு" என்று அப்பா சிரித்தார். வீட்டில் டொக்டர் பகிடி விட்டால் சிரிக்கத்தானே வேண்டும். அக்காவும் சிரித்தார்.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு ரியூட்டரியில் கெமிஸ்ற்றி படிப்பிக்கப் போனேன். ஓலைக் கொட்டில், நீள வாங்குகள், வாசலில் 'மருத்துவபீடத்துக்குத் தெரிவானவர்' என்று என் பெயருடன் ஒரு நோட்டீஸ். தினமும் அதை நின்று வாசித்துவிட்டுத்தான் உள்ளே போவேன். அப்படி ஒரு பிறவி நான்.

மூன்றாம் வாரம், பெண்கள் பக்கத்துக் கடைசி வாங்கில் அக்கா இருந்தார். எங்களிடம் சொல்லாமல் தன் பெயரைப் பதிந்து, நான் புறப்பட்ட பிறகு தனியாகச் சைக்கிளில் வந்திருந்தார். வீட்டில் கிடைக்காததை வகுப்பிலாவது கேட்போம் என்று நினைத்திருப்பார். நான் அவரைத் தெரியாதவன் போல் நடந்துகொண்டேன். நான்கு வகுப்புகள் பேசாமல் எழுதிக்கொண்டு போனார். ஐந்தாம் வகுப்பில் ஒரு கணக்கைக் கரும்பலகையில் போட்டு, முதலாம் படியிலிருந்து மூன்றாம் படிக்குத் தாவினேன். அக்கா கையை உயர்த்தினார்.

"சேர், இடையிலை இரண்டாவது படி எப்பிடி வந்தது? விளங்கேல்லை."

அந்தப் படி எனக்கும் விளங்கியிருக்கவில்லை. விடையைப் பாடமாக்கித்தான் பரீட்சை எழுதியிருந்தேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் வகுப்பைப் பார்த்துச் சொன்னேன்:

"கடைசி வாங்கிலை இருக்கிறவ என்ரை அக்கா. ரெண்டு ஷை எடுத்தவ. கேள்வி கேக்கிற ஆக்கள் முதல்லை இவவை ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ." பிறகு அவரிடம், "அக்கா, மூண்டாம் ஷையிலையும் உங்களுக்கு இது விளங்காது. போய் வெங்காயம் நடுங்கோ" என்றேன்.

கொட்டில் அதிரச் சிரித்தார்கள். அக்கா இடையில் எழுந்து போகவில்லை. வகுப்பு முடியும்வரை இருந்து, நான் எழுதியதை எல்லாம் கொப்பியில் எழுதிக்கொண்டு போனார். அன்றிரவும் எனக்குப் புட்டுப் போட்டுத் தந்தார்.

மறுநாளே ஒரு நண்பனிடம் அந்தப் படியைக் கேட்டறிந்தேன். பத்து நிமிட வேலை. அடுத்த வகுப்பில் மற்றப் பிள்ளைகளுக்கு வெகு கெட்டித்தனமாக விளக்கினேன். அக்கா அன்று வரவில்லை. வீட்டில் நான் அவருக்குச் சொல்லியிருக்கலாம். சொன்னால் எனக்குத் தெரியாமல் இருந்தது வெளிவந்துவிடும் என்று சொல்லவில்லை.

பரீட்சை விண்ணப்பத் திகதி கடந்துபோனது.

"ஏன் பிள்ளை சோதினைப் போம் அனுப்பேல்லை?" என்றார் அப்பா.

"காணும் அப்பா. வெங்காயம் நட ஆளில்லை." என்னைப் பார்க்காமலே சொன்னார்.

அதன்பின் அக்காவின் வாழ்க்கை உங்களுக்குத் தெரிந்ததுதான். தோட்டம், கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை, திருமணம், பிள்ளைகள். தொண்ணூற்றைந்தில் போரால் ஊரே இடம்பெயர்ந்தபோது, நடக்க முடியாத அப்பாவைச் சைக்கிள் கரியரில் இருத்தித் தென்மராட்சி வரை உருட்டிச் சென்றவர் அக்கா. நான் அப்போது மேற்படிப்புக்காகக் கொழும்பில் இருந்தேன். ஊரில் எல்லோரும் என் சுகத்தைத்தான் விசாரித்தார்களாம்.

அக்காவின் கடைசி நாட்களில், ஆஸ்பத்திரியில் வைத்தியர்கள் கட்டிலருகே ஆங்கிலத்தில் கதைத்துவிட்டுப் போனார்கள். அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, விளங்கேல்லை. நீ சொல்லு."

ஈரலில் என்ன இருக்கிறது, அது எங்கெல்லாம் பரவியிருக்கிறது, எந்த மருந்து எதற்கு, இனி என்ன நடக்கும் என்று ஒன்றையும் மறைக்காமல் தமிழில் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த முறை ஒரு படியும் விடேல்லை" என்றார்.

ஆக, எனக்குத் தெரியவில்லை என்பது அவருக்கு அன்றைக்கே தெரியும். கடைசி வாங்கில் இருந்துகொண்டு, என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார். ஒருநாளும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

அக்காவை இரவு பகலாகப் பார்த்த அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும், ஆஸ்பத்திரி விடுதித் தாதியருக்கும், செத்தவீட்டு நாட்களில் எங்கள் அடுப்பை மூட்டவிடாமல் சாப்பாடு கொண்டுவந்த அயலவர்களுக்கும், தொலைவிலிருந்து வந்த உறவினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என்னிடம் வந்து, "அக்காவை நல்லாப் பாத்தனீங்கள்" என்று மட்டும் எவரும் சொல்ல வேண்டாம்.

இதை வாசித்த அக்காவின் மகள், "மாமா, முதற் பக்கத்திலை அந்த வரியை மாத்தட்டோ?" என்று கேட்டாள். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன். குடும்பச் சூழ்நிலை என்று அவள் எழுதியது சரிதான். அந்தச் சூழ்நிலை நான்.