கூடைப்பந்து மைக்கில் நான் வைத்த பெயர்

1. முதல் நாள்

ராயபுரம் மாதா கோயில் பங்கு மைதானத்தில் நான் மைக் பிடித்தது திட்டமிட்டு நடந்ததல்ல. சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். பகலில் துறைமுகத்துக்கு எதிரே ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் கிளார்க் வேலை. சாயங்காலத்தில் ஒரு தமிழ்த் தினசரிக்கு விளையாட்டு நிருபர். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்தவர். அதனால் மைதானத்தில் எனக்குப் பெயரே கிடையாது. எல்லோருக்கும் நான் 'அண்ணாச்சி'.

கூடைப்பந்து டோர்னமென்ட்டுக்கு வழக்கமாக மைக்கில் பேசுகிறவர் ஒரு டிரில் மாஸ்டர். "பாஸ்கட் பை நம்பர் ஃபோர்" என்று இங்கிலீஷில் அறிவித்துவிட்டு வாயை மூடிக்கொள்வார். அன்று அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கையில் மைக்கைத் திணித்தார்.

எனக்கு இங்கிலீஷில் அத்தனை வேகம் வராது. தெருவில் பேசுகிற மாதிரியே பேசினேன். "லாசர் பந்தை எடுத்துகினு வரான்... ஒருத்தன தாண்டிட்டான்... போடு நைனா, போடு!" பந்து வளையத்துக்குள் விழுந்ததும் கூட்டம் எழும்பிக் குதித்தது. மீன் விற்றுவிட்டுக் கூடையோடு வந்து நின்ற பெண்கள்கூடச் சிரித்தார்கள். அவர்களுக்கு ஆட்டத்தின் சட்டம் தெரியாது. நான் சொன்னதுதான் சட்டம்.

அன்றே இன்னொன்றையும் கவனித்தேன். எதிர் அணிக்காரன் ஒருவன் நம் ஆளை உரசியதும், "கைய புடிச்சிட்டான்!" என்று மைக்கில் சொன்னேன். கூட்டம் ஊளையிட்டது. அதற்கப்புறம்தான் ரெஃபரி விசில் ஊதினார். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. கூட்டத்துக்குப் பயந்திருக்க வேண்டும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

2. ஆசிரியர் கேட்ட கதை

எங்கள் பத்திரிகையில் விளையாட்டுப் பக்கத்தைப் பார்த்தவர் ராகவன் சார். நான் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு மேஜையில் போட்டார்.

"யாரு எத்தனை பாஸ்கட் போட்டான்னு எழுதியிருக்கே. சரி. கதை எங்கேய்யா?"

"மேட்ச்ல கதை ஏது சார்?"

"ஒருத்தன் நல்லவன், ஒருத்தன் கெட்டவன்னு இருந்தாத்தான் நாளைக்கும் வாங்கிப் படிப்பான். கூடைப்பந்துன்னா என்னன்னு பாதிப் பேருக்குத் தெரியாது. ஆளைக் காட்டு."

ஆளைக் காட்டினேன். நல்லவன் லாசர். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், ராயபுரம் அணியின் ஃபார்வர்டு, என் தெருக்காரன். ஒல்லியாக, வேகமாக, சிரித்த முகமாக இருப்பான்.

கெட்டவனாக எனக்குக் கிடைத்தவர் கோதண்டம்.

திருவொற்றியூரில் ஒரு வார்ப்படப் பட்டறையில் உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றுகிற வேலை அவருக்கு. ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற அகலம். பட்டறை அணிக்கு சென்டர். வளையத்துக்குக் கீழே போய் நின்றார் என்றால் யாராலும் நகர்த்த முடியாது. அவர் யாரையும் இடித்ததில்லை. மற்றவர்கள்தான் அவர்மேல் வந்து மோதிக் கீழே விழுவார்கள். விழுந்தவனைக் கை கொடுத்துத் தூக்கிவிடுவார்.

அதையெல்லாம் நான் சொல்லவில்லை. "ரோடு ரோலர் வருது, வழிய வுடு!" என்று மைக்கில் சொன்னேன். மைதானமே சிரித்தது. மறுநாள் பேப்பரில் 'ரோடு ரோலர் கோதண்டம்' என்று தலைப்பிலேயே போட்டார்கள். ஒரே வாரத்தில் காசிமேடு வரைக்கும் அந்தப் பெயர் போய்விட்டது.

அதன்பின் அவர் பக்கத்தில் யார் விழுந்தாலும் கூட்டம் கத்தும், ரெஃபரி விசில் ஊதுவார். ஐந்து ஃபவுலாகி, கோதண்டம் பாதி ஆட்டத்தில் வெளியே போய் உட்காருவார். அந்த சீசனில் நாலு மேட்ச் அப்படி நடந்தது. 'மீண்டும் முரட்டு ஆட்டம்' என்று எழுதினேன்.

3. ஃபைனல்

ஃபைனலுக்கு ராயபுரமும் பட்டறை அணியும் வந்தன. மாதா கோயில் மதில்மேல்கூட ஆட்கள். ஆட்டம் முடிய இரண்டு மூன்று நிமிஷம்தான் பாக்கி. பட்டறை அணி ஒரு பாஸ்கட் முன்னால் இருந்தது.

பந்து பலகையில் பட்டுத் திரும்பியது. எடுப்பதற்குக் கோதண்டம் எம்பினார். அவருக்குப் பின்னால் லாசர். அவர்கள் இருந்தது என் மேஜைக்கு நேர் எதிரே, பத்தடிகூட இருக்காது. லாசரின் கை கோதண்டத்தின் பனியனை முதுகுப் பக்கம் கொத்தாகப் பிடித்து இழுத்ததைப் பார்த்தேன். தெளிவாகப் பார்த்தேன். அந்தரத்தில் நிலை தவறிய கோதண்டம், கீழே நின்றிருந்த எங்கள் ராயபுரம் அணிப் பீட்டர்மேல் அப்படியே விழுந்தார். பீட்டரின் கை அடியில் மாட்டி முறிந்தது.

ரெஃபரி பந்து போன திசையில் ஓடிக்கொண்டிருந்தார். ஒன்றையும் பார்க்கவில்லை. என் வாய்தான் முதலில் திறந்தது.

"ஏறிடுச்சிய்யா! ரோடு ரோலர் ஏறிடுச்சி!"

யோசித்துச் சொன்னதல்ல. சீசன் முழுக்கப் பழகிய வாய். கூட்டம் கோட்டைத் தாண்டி உள்ளே பாய்ந்தது. செருப்பு, மண், கல் எல்லாம் பறந்தன. பீட்டரைத் தூக்க முயன்றுகொண்டிருந்த கோதண்டத்தை நாலைந்து பேர் இழுத்துப் போட்டு அடித்தார்கள். ரெஃபரி அவரை ஆட்டத்திலிருந்தே நீக்கினார். ராயபுரம் ஜெயித்தது. மறுநாள் பேப்பரிலும் அப்படியே எழுதினேன்.

4. அஞ்சலை வந்தது

இரண்டு நாள் கழித்து என் கப்பல் ஆபீஸ் வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கையில் மடித்த துணி.

"பேப்பர்ல எய்துற அண்ணாச்சி நீதானா? நான் கோதண்டம் பொஞ்சாதி. அஞ்சலை."

துணியைப் பிரித்தாள். அந்தப் பனியன். கழுத்துக்குக் கீழே முதுகுப் பக்கம் கிழிந்து தொங்கியது.

"பாரு. எங்க வூட்டுக்காரு போய் ஏறிகினாருன்னா முன்னாலல்ல கியியணும்? பின்னால எப்டி கியிஞ்சிது? யாரோ இஸ்துகீறாங்க. யாருன்னு அதுக்குத் தெரியல. நீ எதுத்தாப்புல தானே குந்திகினு இருந்தே?"

"விசாரணை வச்சிருக்காங்கம்மா. அங்க பேசுவோம்."

"மெட்ராஸ் டீம் செலக்‌ஷனுக்கு அடுத்த மாசம் கூப்ட்டுகீறாங்க. அதுல எடுத்தா ரயில்வேல வேல குட்க்கிறேன்னு ஒரு ஆபீசர் சொல்லிகீறாரு. அந்த அனல்ல நின்னு நின்னு அதுக்கு நெஞ்சு போய்கினு கீது அண்ணாச்சி. நீ பாத்தத சொல்லு. வேற ஒண்ணும் வாணாம்."

"சரிம்மா" என்றேன். சொல்லும்போது, நிச்சயம் சொல்லிவிடுவேன் என்றுதான் நினைத்தேன்.

5. விசாரணை

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பங்குப் பள்ளிக்கூடத்தின் ஒரு வகுப்பறையில் கூடினார்கள். கூடைப்பந்துச் சங்கத்திலிருந்து மூன்று பேர். ரெஃபரி எழுந்து, "நான் பார்க்கலே. சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்" என்றார். அவர் அன்று நேர்மையாக நடந்துகொண்டார்.

கோதண்டம் ஒரு சின்ன பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். உதடு இன்னும் வீங்கியிருந்தது. "யாரோ பின்னால புட்ச்சி இஸ்தாங்க சார். ஆனா பீட்டர் கை ஒடஞ்சது என்னாலதான். அதுக்கு மன்னாப்பு கேட்டுக்கறேன்" என்றார்.

பனியனைக் காட்டினார்கள். கூட்டம் அடித்து இழுத்தபோது கிழிந்திருக்கலாமே என்றார் ஒருவர். அதுவும் நியாயமான சந்தேகம்தான். தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"எல்லாரையும்விடப் பக்கத்தில் இருந்தவர் நீங்கள். யாராவது பனியனைப் பிடித்து இழுத்தார்களா? பார்த்தீர்களா?"

லாசர் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே எங்கள் தெருக்காரர்கள் கூட்டமாக நின்றார்கள். பார்த்தேன் என்று சொன்னால், மைக்கில் சொன்னது பொய் என்றாகும். பேப்பரில் எழுதியதும் பொய் என்றாகும். அந்தத் தெருவில் நான் எப்படி நடப்பேன் என்ற ஒன்றுதான் மனசில் ஓடியது.

"நான் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றேன்.

கோதண்டத்துக்கு ஒரு வருஷம் தடை. செலக்‌ஷன் போயிற்று. அதோடு ரயில்வே வேலையும் போயிற்று. அஞ்சலை வராந்தாவில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள்; பனியனை மடித்து எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் லாசர் கூடவே நடந்து வந்தான். ரயில்வே ஸ்டேஷன் தாண்டியதும் கேட்டான்.

"அண்ணாச்சி, நீ பாத்தே இல்ல?"

"பாத்தேன்."

"நானா சொல்ல எனக்கு தைரியம் இல்ல. நீ சொல்லிட்டீன்னா ஆமான்னு ஒத்துக்கலாம்னு நின்னுகினு இருந்தேன்."

அவனைக் காப்பாற்றினேன் என்று அதுவரை எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் போய்விட்டது.

6. பட்டறை வாசலில்

தடை முடிந்தும் கோதண்டம் மைதானத்துக்கு வரவில்லை. நானும் தேடிப் போகவில்லை. ஒவ்வொரு மாதமும் போக வேண்டும் என்று நினைப்பேன். அப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஒரு மத்தியானம் திருவொற்றியூருக்கு பஸ் ஏறினேன்.

ஷிப்ட் முடிந்து வெளியே வந்தார். உடம்பு இளைத்து, இருமிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "இன்னா அண்ணாச்சி, இவ்ளோ தூரம்?" என்று டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். லாசர் இழுத்தது, நான் பார்த்தது, விசாரணையில் மறைத்தது. அவர் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தார்.

"அப்ப நெசமாவே இஸ்தாங்களா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "நீங்கதானே விசாரணையில சொன்னீங்க?"

"சொன்னேன். அப்பாலிக்கி எனக்கே சந்தேகம் வந்துட்ச்சி. மைக்குல நீ சொன்னே, பேப்பர்ல போட்டே, ஊரே சொல்லிகினு இருந்திச்சி. நாமதான் முரட்டாளு போல கீது, நமக்குத் தெரியாமயே ஏறிட்டோமோன்னு நெனச்சிகினேன். பட்டறைல பக்கத்துல யார்னா வந்தா நவுந்துக்குவேன். பட்டுடப் போவுதுன்னு."

அவர் கோபப்படவில்லை. எனக்குத்தான் அங்கே உட்காரக் கூசியது. என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"ஆட்டம்லாம் இனிமே இல்ல. அந்தப் பேர மட்டும் எடுத்துடு. எம் பொண்ண இஸ்கூல்ல ரோலர் பொண்ணுன்னு கூப்டுதுங்க. அது அய்துகினே வூட்டுக்கு வருது."

ராகவன் சாரிடம் திருத்தம் போடச் சொல்லிக் கேட்டேன். "ரெண்டு வருஷத்துக்கு முந்தின மேட்சுக்கு இப்போ திருத்தமா?" என்றார். மன்றாடியதில் நாலு வரி போட்டார், சினிமா விளம்பரத்துக்குக் கீழே. யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

அந்த வருஷ டோர்னமென்ட்டில், ஆட்டம் ஆரம்பிக்கும் முன் மைக்கில் சொன்னேன். அன்று நடந்தது இன்னது, நான் பார்த்துவிட்டு மறைத்தேன், கோதண்டம்மேல் தப்பே இல்லை என்று. லாசர் கோட்டருகில் வந்து நின்று, "ஆமா, நான்தான் இஸ்தேன்" என்று கையைத் தூக்கினான்.

கூட்டத்துக்கு அது ஒரு வேடிக்கையாகத்தான் போயிற்று. "யாரு, ரோடு ரோலரா?" என்று ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெயரை மறந்திருந்தவர்களுக்கும் நானே ஞாபகப்படுத்திவிட்டேன்.

அதற்கப்புறமும் பல வருஷம் மைக்கில் பேசினேன். யாருக்கும் பட்டப்பெயர் வைக்கவில்லை. பார்க்காத ஃபவுலை, பார்க்கவில்லை என்றே சொன்னேன். என் பேச்சில் சுவாரசியம் போய்விட்டது என்றார்கள். இருக்கலாம்.

இன்று இந்த வேலைக்கு வருகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். நீங்கள் பேசுவதைக் கூட்டம் மட்டும் கேட்பதில்லை. ஆடுகிறவனும் கேட்கிறான், தன்னைப் பற்றி நீங்கள் சொல்வதை அவனும் நம்பிவிடுவான். கண்ணால் பார்த்ததை அன்றைக்கே, அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். அந்த வகுப்பறையில் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "பார்த்தேன்" என்று சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்ல எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. அதற்குள் அவர் ஆட்டத்தையே விட்டிருந்தார்.